லேப் டெக்னீஷியன் இசிஜி கற்பது: எங்கே தொடங்கி, எதுவரை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடித்துவிட்டு நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் லேபில் இருக்கிறீர்கள். இரவில் ஆள் போதவில்லை என்று இசிஜியையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு சிஸ்டர் அரை மணி நேரம் வயர் மாட்டக் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான் பயிற்சி. டாக்டர் குவார்ட்டர்ஸிலிருந்து வந்து சேர 15, 20 நிமிடம் ஆகிறது. வாசிக்க எதிலிருந்து ஆரம்பிப்பது, எத்தனை மாதம் ஆகும், மலை உயரத்தில் இசிஜி மாறி வருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "தாள் வெளியே வரும்போது கை நடுங்குது, பெரிசா ஏதாவது இருந்து எனக்குத் தெரியாமப் போயிட்டா?" என்று எழுதியிருக்கிறீர்களே, கேள்வி உண்மையில் அதுதான். டாக்டர் வந்து சேரும்வரை அந்தத் தாளுக்கு நீங்கள் எவ்வளவு பொறுப்பு, அதற்கு எவ்வளவு தெரிந்தால் போதும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் டாக்டர் அல்ல. குன்னூரிலும் கோத்தகிரியிலுமாக 23 வருடமாக இசிஜியும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுக்கிறவன். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். அதனால் நோயைப் பற்றி நான் பேசுவதற்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே என்பதையும் போகப் போகச் சொல்கிறேன். முதலில் ஒன்று. வாசிப்பதை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு எடுப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். எலக்ட்ரோடு இடம் மாறி எடுத்த தாளை எவ்வளவு பெரிய கார்டியாலஜிஸ்ட் பார்த்தாலும் அதில் இல்லாத நோய் தெரியும், இருக்கிற நோய் ஒளிந்துகொள்ளும். சுத்தமான டிரேசிங், அதாவது தாளில் வரும் கோட்டுப் படம், உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அதை வேறு யாரும் செய்து தர முடியாது.

புதியவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம், வயர் பத்துதானே இருக்கிறது, பன்னிரண்டு லீட் எங்கிருந்து வருகிறது என்பது. எலக்ட்ரோடு என்பது உடம்பில் ஒட்டுகிற பொருள். லீட் என்பது இதயத்தின் மின்சாரத்தை ஒரு திசையிலிருந்து பார்க்கிற பார்வை. தொட்டபெட்டாவை ஊட்டியிலிருந்து பார்த்தால் ஒரு வடிவம், கோத்தகிரி ரோட்டிலிருந்து பார்த்தால் வேறு வடிவம், மலை ஒன்றுதான். இசிஜியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஐந்தோவன் இரண்டு கையையும் இடது காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துத்தான் எடுத்தார். வலது கைக்கும் இடது கைக்கும் நடுவே பார்த்தது லீட் 1, வலது கைக்கும் இடது காலுக்கும் லீட் 2, இடது கைக்கும் இடது காலுக்கும் லீட் 3. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய எந்திரம் சுமார் 270 கிலோ எடை, அதை ஓட்ட ஐந்து பேர் வேண்டியிருந்தது. இன்று நீங்கள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வார்டுக்குப் போகும் பெட்டிக்குள்ளும் அதே மூன்று லீட் இருக்கிறது. அதே கை கால் வயர்களிலிருந்து ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் என்று இன்னும் மூன்றை எந்திரமே கணக்குப் போட்டுத் தருகிறது. நெஞ்சில் வைக்கும் ஆறும் சேர்ந்தால் பன்னிரண்டு. வலது கால் வயர் எந்தப் படத்திலும் வராது, அது எர்த் மாதிரி.

நம் ஊரில் பெரும்பாலும் வருகிற நிற வரிசை: வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கருப்பு. நெஞ்சில் வி1 முதல் வி6 வரை சிவப்பு, மஞ்சள், பச்சை, பிரவுன், கருப்பு, ஊதா. ஆனால் அமெரிக்க முறை கேபிள் ஒன்று எங்கிருந்தாவது வந்து சேரும். அதில் வலது கை வெள்ளை, இடது கை கருப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அன்றைக்கு மாட்டிக்கொள்வார். அதனால் கிளிப்பில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து மாட்டுகிற பழக்கத்தை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அப்போது நான் இருந்த சிறிய மருத்துவமனையில், தலைசுற்றல் என்று வந்த ஒரு தேயிலை ஃபேக்டரி தொழிலாளிக்கு இரண்டு கை வயரையும் மாற்றி மாட்டிவிட்டேன். லீட் 1 முழுக்கத் தலைகீழாக வந்தது. எனக்குத் தெரியவில்லை, டியூட்டியில் இருந்த இளம் டாக்டருக்கும் தெரியவில்லை. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதிவிட்டார். தொழிலாளியின் மனைவி கடன் வாங்கி, வண்டி பேசி, வாசலில் நிறுத்தியாகிவிட்டது. அந்த நேரம் உள்ளே வந்த பெரிய டாக்டர் தாளை வாங்கி ஏவிஆரைப் பார்த்தார். "ஏவிஆர் நிமிர்ந்து நிக்குது, லீட் ஒண்ணு கவிழ்ந்து கிடக்குது. திரும்ப எடுங்க" என்றார். மாற்றி எடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அந்த அம்மா வண்டிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அன்றிலிருந்து டிரேசிங் வந்ததும் என் கண் முதலில் போவது லீட் 1-க்கும் ஏவிஆருக்கும்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் முதலில் வரும் சின்ன மேடு பி அலை (மேலறைகள்), அடுத்து வரும் கூர்மையான பகுதி க்யூஆர்எஸ் (கீழறைகள்), அதற்குப் பிறகு வரும் மேடு டி அலை. சாதாரணமாக லீட் 1-ல் பி அலையும் க்யூஆர்எஸும் மேல்நோக்கி இருக்கும், ஏவிஆரில் எல்லாமே கீழ்நோக்கி இருக்கும். இது தலைகீழாக வந்தால் கை வயரைப் பாருங்கள். வயர் சரியாக இருந்தும் அப்படியே வந்தால், நெஞ்சு லீடுகளில் வி1-லிருந்து வி6-க்குப் போகப் போக ஆர் அலை (க்யூஆர்எஸில் மேலே எழும்பும் முனை) வளர்வதற்குப் பதில் சுருங்குகிறதா என்று பாருங்கள். சுருங்கினால் இதயம் வலது பக்கம் இருக்கும் ஆளாக இருக்கலாம், அது அபூர்வம். லீட் 2 மட்டும் கோடு போட்டது மாதிரி தட்டையாக வந்தால் வலது கை வயரும் வலது கால் வயரும் மாறியிருக்கும்.

நெஞ்சு எலக்ட்ரோடுகளைக் கண்ணால் அளந்து வைக்காதீர்கள், விரலால் எண்ணுங்கள். இரண்டு காறை எலும்புக்கும் நடுவில் தொண்டைக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து ஆள்காட்டி விரலை நெஞ்செலும்பின் மேலேயே மெதுவாகக் கீழே இறக்குங்கள். மூன்று நான்கு விரல்கடை இறங்கியதும் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் விரலை நகர்த்தினால் இரண்டாவது விலா எலும்பு. அதற்குக் கீழே மெத்தென்று விரல் அமுங்கும் இடம் இரண்டாவது இடைவெளி. அப்படியே எண்ணிக்கொண்டு நான்காவது இடைவெளிக்கு வாருங்கள். நெஞ்செலும்பின் வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2. அடுத்து வி3-ஐ விட்டுவிட்டு வி4-க்குப் போங்கள்: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே. வி2-க்கும் வி4-க்கும் நடுவில் வி3. வி4 இருக்கும் அதே மட்டத்தில் படுக்கைவாட்டில் போய், அக்குளின் முன் மடிப்புக்கு நேராக வி5, அக்குளின் நடுவுக்கு நேராக வி6. வி5, வி6 விலா எலும்பு வளைவோடு மேலே ஏறக் கூடாது. நான் பார்த்தவரை அதிகம் நடக்கிற தப்பு வி1-ஐயும் வி2-ஐயும் ஒன்று இரண்டு இடைவெளி மேலே வைப்பது. அப்படி வைத்தால் நல்ல இதயத்திலும் அதன் மின்பாதையின் வலது பக்கக் கிளையில் தடை மாதிரியும், முன்பு எப்போதோ மாரடைப்பு வந்து போன மாதிரியும் டிரேசிங் வரும்.

பெண்களுக்கு எடுக்கும்போது திரை போட்டு, கூட ஒரு பெண் ஊழியரை வைத்துக்கொண்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வி4 முதல் வி6 வரை மார்பகத்துக்குக் கீழே வைப்பதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் வைக்கிறேன். மேலே வைத்தாலும் பெரிய வித்தியாசம் வராது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது இன்னும் முடியாத விவாதம். விவாதமே இல்லாத விஷயம், அதே ஆளுக்குத் திரும்ப எடுக்கும்போது அதே இடத்தில் வைக்க வேண்டும் என்பது. இடம் மாறினால் இரண்டு தாளை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. கூச்சத்தை மதிக்கிறோம் என்று துணிக்கு மேலே வைத்து எடுத்து அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அந்த அம்மாவுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

அடுத்தது குளிர். சமவெளியில் படித்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, நம் மலையில் பாதி டிரேசிங்கைக் கெடுப்பது இதுதான். ஒரு ஜனவரி காலை, கொழுந்து எடுக்கிற ஒரு பாட்டி வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் மஃப்ளர். எல்லாவற்றையும் கழற்றி, குளிர்ந்த ரெக்ஸின் மெத்தையில் படுக்க வைத்து, ஐஸ் மாதிரி ஜெல்லைத் தடவி எடுத்தால் கோடு முழுக்க ரம்பப் பல்லாக வந்தது. பி அலை எது, நடுக்கம் எது என்று தெரியவில்லை. எந்திரம் மேலே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது) என்று அச்சடித்தே கொடுத்துவிட்டது. பாட்டி நடுங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கம்பளியைப் போர்த்தி, கையை உடம்போடு ஒட்டித் தளர்வாக வைக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்து, ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த எஸ்டேட், எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று. பிறகு எடுத்தால் ஒவ்வொரு க்யூஆர்எஸுக்கும் முன்னால் அழகாக ஒரு பி அலை. அன்றிலிருந்து ஜெல் டியூபைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்கிறேன், அறையில் ஒரு கம்பளி எப்போதும் இருக்கும். அவசர நோயாளிக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க முடியாது. வந்ததை முதலில் எடுத்துக் காட்டிவிட்டு, போர்த்தி இன்னொன்று எடுங்கள்.

நடுக்கம் ஒழுங்கில்லாமல் வரும். மின்சார இரைச்சல் ஒரே அளவாக, மயிர் மயிராக, நொடிக்கு 50 வீதம் வரும். எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நம்முடையது, அதற்காகவும் பேட்டரி எப்போதும் சார்ஜில் இருக்க வேண்டும். ஃபில்டர் பட்டனை அமுக்கினால் கோடு சுத்தமாகிவிடுகிறதே என்று அதையே நம்பாதீர்கள். 40 ஹெர்ட்ஸ் ஃபில்டர் க்யூஆர்எஸில் இருக்கும் நுணுக்கமான வெட்டுகளை மழுக்கிவிடும். முதலில் நோயாளியைச் சரி செய்யுங்கள், ஃபில்டர் கடைசி வழி. போட்டிருந்தால் தாளில் எழுதிவிடுங்கள். வார்டு மானிட்டரிலும் ஃபில்டர் ஓடும், அதனால் அதில் தெரிகிற எஸ்டியை (க்யூஆர்எஸுக்கும் டி அலைக்கும் நடுவில் உள்ள கோடு) வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, பன்னிரண்டு லீட் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது தாளுக்கு வருவோம். ஓரத்தில் செவ்வகமாக ஓர் அளவுக்குறி இருக்கும். அது 10 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் 1 மில்லிவோல்ட்டுக்குச் சரியான அளவு. பாதி உயரம் இருந்தால் யாரோ செட்டிங்கை மாற்றியிருக்கிறார்கள், எல்லா அலையும் பாதியாகத்தான் தெரியும். வேகம் நொடிக்கு 25 மில்லிமீட்டர். அப்படியானால் சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 நொடி. துடிப்பு ஒழுங்காக இருந்தால், இரண்டு ஆர் அலைக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி 300-ஐ அதால் வகுத்தால் நிமிடத் துடிப்பு வந்துவிடும். ஒழுங்கில்லாமல் இருந்தால் 10 நொடித் தாளில் உள்ள க்யூஆர்எஸ்களை எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். பி அலை தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும்வரை (இதுதான் பிஆர் இடைவெளி) 0.12 முதல் 0.20 நொடி, அதாவது மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம். க்யூஆர்எஸின் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள். லேபில் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் நார்மல் அளவு மனதில் ஓடுகிறவர் நீங்கள், இந்த எண்கள் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

எந்தத் தாளைக் கண்டால் டாக்டரை உடனே போனில் கூப்பிட வேண்டும் என்பதுதான் உங்கள் கை நடுங்கக் காரணம். அது பயப்படும் அளவு பெரிய பட்டியல் கிடையாது. ஆனால் தாளைப் பார்க்கும் முன் ஆளைப் பாருங்கள். கோடு தாறுமாறாக ஓடுகிறது, ஆனால் நோயாளி உங்களிடம் தண்ணீர் கேட்கிறார் என்றால் அது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனாக (கீழறைகள் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே துடிதுடிப்பது) இருக்க முடியாது, எலக்ட்ரோடு கழன்றிருக்கும். கோடு தட்டையாகி ஆளும் பேச்சு மூச்சில்லாமல் இருந்தால் வயரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள், கழுத்தில் நாடி பாருங்கள், குரல் கொடுத்து ஆளை அழைத்து நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள். இது தவிர, அகலமான க்யூஆர்எஸ் வேகமாக ஓடுவது. துடிப்பு 40-க்குக் கீழே இருந்து பி அலை தன் பாட்டுக்கும் க்யூஆர்எஸ் தன் பாட்டுக்கும் ஓடுவது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டி அலைகள் கூடாரம் மாதிரிக் கூர்மையாக உயர்ந்து நிற்பது. இவை மூன்றும் காத்திருக்கக் கூடாதவை. கடைசியில் சொன்னது பொட்டாசியம் ஏறியதைக் காட்டும். அங்கே நீங்கள் லேபிலும் இருப்பது நோயாளிக்குப் பெரிய பலம், ரத்தத்தை உடனே ஓட்டிவிடலாம். ஆனால் டி அலை சாதாரணமாக இருந்தால் பொட்டாசியம் சரி என்று அர்த்தம் இல்லை. ஏறியிருந்தும் இசிஜியில் காட்டாமல் போவது உண்டு.

எஸ்டி ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். க்யூஆர்எஸ் முடிகிற புள்ளி அடிக்கோட்டைவிட உயர்ந்திருப்பதுதான் எஸ்டி ஏற்றம். பக்கத்துப் பக்கத்து இரண்டு லீடுகளில் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். வி2, வி3-ல் மட்டும் அளவு வேறு: 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களுக்கு 2 மில்லிமீட்டர், அதற்குக் கீழே உள்ள ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 1.5. பக்கத்து லீட் என்பது தாளில் பக்கத்தில் அச்சாகியிருப்பது அல்ல, இதயத்தின் ஒரே சுவரைப் பார்ப்பவை. லீட் 2, 3, ஏவிஎஃப் கீழ்ச்சுவர். வி1 முதல் வி4 வரை முன்பக்கம். லீட் 1, ஏவிஎல், வி5, வி6 பக்கச்சுவர். ஒரு சுவரில் ஏறியிருக்கும்போது எதிர்ச் சுவரில் இறங்கியும் இருந்தால் சந்தேகம் பலப்படும். எல்லா எஸ்டி ஏற்றமும் மாரடைப்பு அல்ல. இளவயது ஆண்களுக்கு இயல்பாகவே இருக்கும், இதய உறை அழற்சியிலும் வரும். அதைப் பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை. பிரிக்கத் தெரியவில்லையே என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்; இருக்கிறது என்று கண்டுகொண்டால் போதும்.

சில வருடம் முன்பு விடியற்காலை 6 மணிக்கு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "வாயு புடிச்சிருக்குங்க, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்றார். வெளியே புல்லெல்லாம் உறைபனி, அவர் நெற்றியிலோ முத்து முத்தாக வியர்வை. அந்தக் குளிரில் வியர்க்கிற மனிதரை வாயு என்று விடக் கூடாது. முதல் இசிஜியில் சொல்லும்படி எதுவும் இல்லை. வி1-லிருந்து வி6 வரை எலக்ட்ரோடுகளைக் கழற்றாமல் அப்படியே விட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்தேன். லீட் 2, 3, ஏவிஎஃபில் எஸ்டி எழும்பியிருந்தது. கீழ்ச்சுவரில் ஏற்றம் கண்டால் வி4-ஐ வலது நெஞ்சில் அதே மட்டத்துக்கு மாற்றி வி4ஆர் என்று ஒன்று எடுக்க வேண்டும். இதயத்தின் வலது கீழறையும் அடிபட்டிருக்கிறதா என்று அது காட்டும். அடிபட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரை பிபியைக் கவிழ்த்துவிடக்கூடும். வி4ஆரையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் கொடுத்தேன். நெஞ்சு வலி என்று யார் வந்தாலும் வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து டாக்டர் கண்ணில் காட்ட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. முதல் இசிஜி நார்மல் என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது என்பதும் அதே அளவுக்கு உறுதியானது. வலி இருக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள், டாக்டர் சொன்னால் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள்.

மலையில் இது ஏன் இன்னும் கனமான விஷயம் என்று உங்களுக்கே தெரியும். கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் 85-க்கு மேல், எல்லாம் வளைவும் மூடுபனியும். அடைத்த குழாயை ஆஞ்சியோபிளாஸ்டியால் திறக்க 120 நிமிடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று தெரிந்தால், வசதி உள்ள இடத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அனுப்புவதுதான் முறை. அந்த ஊசி போடலாமா வேண்டாமா என்ற முடிவு உங்கள் தாளைப் பார்த்துத்தான் எடுக்கப்படும். 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டேட்டின் முதல் டோஸ் கொடுத்து அனுப்புவதும் இதே நேரக் கணக்கால்தான். எந்திரத்தின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று தினமும் பாருங்கள். தாளில் அச்சான நேரம் முக்கால் மணி முன்பின் இருந்து, கீழே இருக்கிற மருத்துவமனையில் வலி எப்போது வந்தது, டிரேசிங் எப்போது எடுத்தது என்று குழம்பியதைப் பார்த்திருக்கிறேன். நோயாளி பெயர், வயது, எடுத்த நேரம், அப்போது வலி இருந்ததா என்பதைக் கையால் எழுதுங்கள். அந்தத் தாள் வெப்பத்தில் கருக்கும், நாள்பட்டால் வெளுக்கும். ஜெராக்ஸ் ஒன்றை நோயாளியோடு அனுப்பி, ஒன்றை ஃபைலில் வையுங்கள்.

உயரத்தால் இசிஜி மாறுமா என்ற கேள்விக்கு: ஊட்டி 2,240 மீட்டர். சமவெளியிலிருந்து வந்த சுற்றுலாக்காரர்களுக்கு முதல் ஓரிரு நாள் துடிப்பு கொஞ்சம் கூடுவது இயல்பு. இதைவிட நன்றாக உயரமான மலைகளில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு இதயத்தின் வலது பக்கம் பருத்து, அது இசிஜியிலும் தெரிவது உண்டு. ஆனால் நம் உயரத்தில், அதுவும் ஊட்டியைவிடப் பாதி உயரத்தில் இருக்கிற கூடலூரில், எஸ்டி ஏற்றத்தையோ தாறுமாறான துடிப்பையோ மலைமேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது. உங்கள் பக்கம் கவனிக்க வேண்டியது வேறு. இந்தியாவில் அரிவாளணு சோகை (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடும் பரம்பரை நோய்) 1952-ல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான் முதலில் கண்டறியப்பட்டது. பணியர், குறும்பர் குடும்பங்களில் இளவயதுக்காரர் நெஞ்சு வலி என்று வந்தால் அந்த நோயின் நெருக்கடியாக இருக்கலாம், அதில் இசிஜி பெரிதாக எதையும் காட்டாமல் இருக்கலாம். லேப் ரெஜிஸ்டரில் அந்த நோய்க்கான அவருடைய சிக்லிங் டெஸ்ட் ரிசல்ட் இருந்தால் உங்களிடமே இருக்கும். அதையும் தாளோடு சேர்த்து டாக்டரிடம் கொடுங்கள்.

எந்திரம் மேலே அச்சடிக்கிற முடிவை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். துடிப்பு எண்ணிக்கையும் இடைவெளி அளவுகளும் டிரேசிங் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் நம்பலாம். நோயின் பெயரை நம்பாதீர்கள். குறிப்பாக அது நார்மல் என்று சொல்வதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எத்தனை மாதம் என்றால், என் அனுபவத்தில் கை பழக ஒரு மாதம், நார்மலை நார்மல் என்று தயங்காமல் சொல்ல மூன்று மாதம், மேலே சொன்ன அவசரத் தாள்களைப் பார்த்த உடனே பிடிக்க ஒரு வருடம். வாசிக்கத் தொடங்கியதும் முதல் மூன்று மாதம் நார்மல் இசிஜியை மட்டும் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து, ஸ்கேலும் பென்சிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்: பெயர், அளவுக்குறி, துடிப்பு, ஒழுங்கு, பி அலை, பிஆர், க்யூஆர்எஸ், எஸ்டி, டி. நல்ல கொழுந்து கைக்குப் பழகியவருக்கு முற்றிய இலை தொட்ட உடனே தெரியும், அது மாதிரித்தான் இதுவும். ஒரு நோட்டுப் போட்டு, பெயர் இல்லாமல், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று இடது பக்கம் எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று வலது பக்கம். யூடியூப் வீடியோக்களைக் காட்டிலும் அந்த வலது பக்கம்தான் உங்களுக்குப் பாடம்.

எதுவரை என்பதற்கும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் நோயின் பெயரை நீங்கள் எழுதக் கூடாது, வாயாலும் சொல்லக் கூடாது. "லீட் 2, 3, ஏவிஎஃபில் எஸ்டி ஏறியிருக்கு சார், வலி இருக்கு, பிபி இவ்வளவு" என்று கண்டதைச் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் தாளைத் தட்டையாக வைத்து, நிழல் விழாமல், பெயரை மறைத்து, அளவுக்குறியும் சேர்ந்து தெரிகிற மாதிரி அனுப்புங்கள். சிக்னல் இல்லாத இரவில் ஆளை அனுப்பிக் கூப்பிடத் தயங்காதீர்கள். பத்து முறை வீணாகக் கூப்பிட்டு ஒரு முறை சரியாக இருந்தாலும் அது சரிதான்; நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார். நோயாளி "ஒண்ணும் இல்லையேம்மா?" என்று உங்கள் முகத்தையே பார்ப்பார். "எடுத்தது நல்லா வந்திருக்குங்க, டாக்டர் வந்துட்டே இருக்கார், அவர் பார்த்துச் சொல்வார். நீங்க எழுந்திரிக்காம படுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் உங்கள் டாக்டரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். எந்தெந்தத் தாளுக்கு எத்தனை மணியானாலும் கூப்பிட வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அதை எழுதி, அவர் கையெழுத்தோடும் போன் நம்பரோடும் எந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள்.